முப்பத்தொரு சாடிகள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்காரியை ஒழுங்கை முழுக்க ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடும். அவர் ஒரு நாளும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்ததில்லை. கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். எந்தக் கப்பல் என்றைக்கு வரும், துறைமுகத்தில் எந்த இடத்தில் கட்டும், எத்தனை நாள் நிற்கும், அது போனதும் அந்த இடத்துக்கு அடுத்தது எது என்று தாளில் கோடு போட்டு வைப்பதுதான் அவருடைய வேலை. கலியாணம் கட்டவில்லை. ஓய்வு பெற்ற பிறகு கோடு போடக் கப்பல் இல்லை. மனுசி சும்மா இருக்குமா? வெண்டிக்கும் கத்தரிக்கும் கோடு போடத் தொடங்கிவிட்டார்.

முன்வீட்டில் அவர் தனியே. அதோடு ஒட்டிய பின்வீட்டில் நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் வாடகைக்கு. பின்னால் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு சீமெந்து முற்றம். அந்த முற்றத்தில் முப்பத்தொரு சாடி. சாடி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பெயின்ற் வாளி, அரிசிச் சாக்கு, வெடித்த தண்ணீர்த் தொட்டி, ஒரு பழைய சிங்க், எல்லாம் சேர்த்துத்தான் முப்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்றால் இலக்கம்.

நாங்கள் குடிவந்த மூன்றாம் நாள் காலையில் கதவில் தட்டுக் கேட்டது. திறந்தால் மிஸ். கையில் பென்சில்.

“உங்கட பெட்சீட் எட்டாம் நம்பருக்கு வெயில மறைக்குது பிள்ள.”

“எட்டாம் நம்பர் ஆர் மிஸ்?”

“தக்காளி. இன்னும் பன்னிரண்டு நாளைக்கு அதுக்கு வெயில் வேணும். பதிமூண்டாம் நாள் நீங்க என்னத்தையும் காயப்போடலாம் தானே.”

எனக்கு வந்ததே ஒரு கோபம்! வாடகைக்கு எடுத்த முற்றத்தில் ஒரு பெட்சீட் காயப்போட எனக்கு உரிமை இல்லையா என்று வாய் வரைக்கும் வந்தது. புது வீடு என்று விழுங்கிக்கொண்டேன். பதிமூன்றாம் நாள் விடிய, நான் கேட்காமலே அவரே கொடிக்கயிறை இழுத்துக் கட்டிவிட்டுப் போயிருந்தார்.

ஒன்று முடிவதற்கும் அடுத்தது தொடங்குவதற்கும் நடுவில் இடைவெளி விழுவது அந்த மனுசிக்கு ஆகவே ஆகாது. சவர்க்காரம் தேய்ந்து வரும்போதே புதுக்கட்டியை எடுத்துப் பழசை அதன் முதுகில் ஒட்டிவிடுவார். கேத்தலில் கடைசிக் கோப்பைத் தேநீர் ஊற்றின கையோடு தண்ணீர் பிடித்து வைப்பார். ஐப்பசியிலேயே அடுத்த வருடக் கலண்டர் சுவரில் ஏறிவிடும். பஸ்ஸில் ஒருவர் எழும்பினால் போதும், தான் இறங்குகிற இடம் வந்தாலும் பரவாயில்லை, “வாங்க வாங்க, சீற் சும்மா கிடக்கு” என்று ஆள் பிடித்து இருத்திவிட்டுத்தான் இறங்குவார். நான் வாசல்படியில் காற்றாட இருந்தால் தொலைந்தேன். “பிள்ள சும்மாவா இருக்கீங்க?” என்று ஒரு சாக்கு மண்ணும் அரிதட்டும் வந்து மடியில் ஏறும். பிறகு பிறகு நான் கெட்டிக்காரியாகி, அவர் வருகிற சத்தம் கேட்டதும் சுளகை எடுத்து மடியில் வைத்து இல்லாத கல்லைப் பொறுக்கத் தொடங்கிவிடுவேன்.

அவருடைய குசினிச் சுவரில், அடுப்புக்கு மேலே இருந்ததே ஒரு தாள், அதைப் பார்த்தால்தான் மிஸ் யார் என்று விளங்கும். பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டி நீட்டியது. இடது பக்கத்தில் ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை சாடிகள். மேலே வருடத்தின் ஐம்பத்திரண்டு கிழமைகள். ஒவ்வொரு சாடிக்கும் நேரே பென்சில் கோடுகள். கீரைக்கு ஒரு மாதக் கோடு. முள்ளங்கிக்கு ஆறு கிழமை. வெண்டிக்கு மூன்று மாதம். கத்தரிக்கு அரை வருடத்துக்கு மேல். ஒரு கோடு முடிகிற இடத்தில் அடுத்த கோடு தொட்டுக்கொண்டு நிற்கும். பேனா தொடமாட்டார். “செடி நான் எழுதினத வாசிச்சிட்டா வளருது? அழிக்க ஏலுமா இருக்கணும்” என்பார்.

மதிலின் மேல் தயிர்ச் சட்டிகள் வரிசையாக இருக்கும். கடையில் எருமைத் தயிர் வாங்கினால் வருமே, அந்த மண்சட்டிகள். அடியில் ஓட்டை போட்டு அதில்தான் நாற்று. சாடி காலியாகிறதற்கு மூன்று நாலு கிழமைக்கு முன்னமே சட்டியில் விதை விழுந்துவிட வேண்டும். “துறைமுகத்துக்கு வெளியால எப்பவும் ரெண்டு கப்பல் நிக்கணும் பிள்ள. உள்ள ஒண்டு வெளிக்கிட்ட உடனே இது வந்து கட்டணும்.” கத்தரி நின்ற சாடிக்குத் தக்காளியோ மிளகாயோ வராது. மூன்றும் ஒரு குடும்பமாம், ஒரே நோயாம். கத்தரிக்குப் பிறகு பயற்றை, பயற்றைக்குப் பிறகு கீரை, கீரைக்குப் பிறகு முள்ளங்கி. சுற்றி வந்துதான் திரும்பக் கத்தரி.

எனக்கு இதெல்லாம் வீண் சோடனையாகத்தான் பட்டது. நான் வடக்கே கோண்டாவில்காரி. அப்பாவுக்குச் செம்மண் தோட்டம் இருந்தது. எனக்குத் தெரியாத வெண்டியா? மிஸ் தந்த இரண்டு வாளியோடு நானும் எங்கிருந்தோ ஐந்தாறு சாக்கைக் கொண்டுவந்து, ஒரு பைக்கற் வெண்டி விதையை ஒரே நாளில் ஊன்றினேன். ஒரே நாளில் முளைத்து, ஒரே கிழமையில் காய்க்கத் தொடங்கியது. வெண்டிக்காய்க் குழம்பு, வெண்டிக்காய்ப் பொரியல், வெண்டிக்காய்ப் பால்கறி. மூன்றாம் கிழமை பிள்ளைகள் இரண்டு பேரும் பாணும் சம்பலும் தந்தால்தான் சாப்பிடுவோம் என்று வேலைநிறுத்தம். அதோடு செடியும் கிழடு தட்டி, பிறகு இரண்டு மாதம் கடையில் வாங்கினோம். மிஸ் வந்தார். ஒரு தாள்துண்டில் நாலு விதையை மடித்துத் தந்து, “மூண்டு கிழமைக்கு ஒருக்கா நாலு போடுங்க, போதும்” என்றார். அந்தத் தாள்துண்டை அவர் முகத்தில் எறியாமல் விட்டது என் பெருந்தன்மை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் அவுஸ்திரேலியாவிலிருந்து மிஸ்ஸின் தம்பி கூப்பிடுவார். மிஸ் போனைச் சத்தமாகப் போட்டுவிட்டு முற்றத்தில் நின்றே கதைப்பார். முழு முற்றத்துக்கும் கேட்கும்.

“அக்கா, எப்ப வாறாய்?”

“பயத்தங்காய் பூத்திருக்கு தம்பி. அது முடியட்டும்.”

அடுத்த மாதம் பயத்தங்காய் முடிந்திருக்கும். ஆனால் கத்தரி தொடங்கியிருக்கும். கத்தரி முடியும்போது தக்காளி. முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஒரு நாள் தம்பி அனுப்பினதாக அளவு நாடாவோடு ஒருவன் வந்து முன்வீட்டையும் எங்கள் வீட்டையும் முற்றத்தையும் சேர்த்து அளந்தபோதுதான் சிரிப்பு நின்றது. மிஸ் போய்விட்டால் இந்த இடம் விலைப்படும். எங்கள் வீடும் அதோடு இடிபட்டு மாடிக் கட்டடம் எழும்பும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில் இருந்தது. கணவருக்குத் துறைமுகப் பக்கம் வேலை. இப்படி ஒரு வீட்டுக்கு நான் எங்கே போவேன்? நாடாக்காரனிடம் மிஸ் பதினேழாம் சாடியைக் காட்டி, “தென் நெமெய், மல்லி” என்றார். சிங்களத்தில் இப்போது இல்லை தம்பி என்று அர்த்தம். அவன் பதினேழாம் சாடியில் இருந்த பாகற்கொடியையும் மிஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனான்.

அன்றைக்கு நேரே கேட்டுவிட்டேன். “மிஸ், போற யோசினையோ?”

மிஸ் ஒரு தயிர்ச் சட்டியை உடையாமல் கவிழ்த்து நாற்றை எடுத்துக்கொண்டிருந்தார். “ஆறு வருசத்துக்கு முன்னம், அம்மா செத்த நேரம், நான் ஒரு மாசம் ஒண்டும் விதைக்கல்ல. முப்பத்தொண்டும் வெறுமையா கிடந்தது. அந்த மாசம்தான் தம்பி வந்து, ‘என்னோட வா அக்கா’ எண்டு அழுதான். எனக்கு இல்லையெண்டு சொல்ல வாய் வரல்ல. ‘இந்தச் சாடி எல்லாம் ஒரு நாளைக்கு வெறுமையானா வாறன்’ எண்டுட்டன். வாக்கு வாக்குத் தானே பிள்ள?”

அட மனுசி! அப்படியென்றால் அந்தத் தாளும் கோடுகளும் தயிர்ச் சட்டி வரிசையும் இதற்குத்தானா? ஆறு வருடமாக முப்பத்தொரு சாடியையும் ஒரே நாளில் வெறுமையாக விடாமல் காத்து வந்திருக்கிறார். அதற்குப் பிறகு நான் சுளகை மடியில் வைத்து நடிக்கவில்லை. மண் அரித்தேன், மீன் கழுவின தண்ணீரைச் சேர்த்து ஊற்றினேன், பூச்சி பொறுக்கினேன். அன்பால் மட்டும் செய்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். எனக்கு என் வீடு வேண்டும்.

இனி என்னுடைய வண்டவாளம்.

அந்த வருடம் வைகாசி பிறக்க முன்னம் மிஸ்ஸுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை என்று முடிவாயிற்று. ஒரு மாதத்துக்கு மேல் குனியக் கூடாது, மண் தொடக் கூடாது. வத்தளையில் தன் பெரியம்மாவின் மகள் வீட்டில் போய் நிற்பதென்று ஏற்பாடு. போகிற அன்றைக்கு என்னைக் குசினிச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, மே மாதத்துக் கோடுகளை விரலால் தொட்டுக் காட்டினார். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை கங்குங் கீரையும் பசளியும். அடுத்த எட்டும் பயற்றை. மிளகாயைத் தாழ்வாரத்துக்குள் இழுக்க வேண்டும். “ஓம் மிஸ், ஓம் மிஸ்” என்று தலையாட்டினேன்.

அவர் ஓட்டோவில் ஏறிப் போனதும் தாளைத் திரும்பப் பார்த்தேன். எனக்குள் இருந்த கோண்டாவில்காரி எழும்பிவிட்டாள். வைகாசியில் ஆராவது விதை போடுவார்களா? எங்கள் ஊரில் அது சோளகக் காற்று வீசுகிற காலம். வெயிலும் காற்றும் சேர்ந்து மண்ணைக் கிளப்பும். வைகாசி, ஆனியில் பழசைப் பிடுங்கி மண்ணைக் கிண்டி ஆறவிடுவதுதான் முறை. ஆவணியில் ஊன்றினால் மாரி மழைக்கு நிமிர்ந்துவிடும். மிஸ்ஸின் தம்பி மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்குத்தானே வருவார், அதற்குள் முப்பத்தொன்றையும் காடாக்கிக் காட்டுகிறேன் பார் என்று வரிந்து கட்டினேன்.

இரண்டு நாள் வேலை. முடிந்துபோன தக்காளியைப் பிடுங்கினேன். கிழட்டுக் கத்தரி, வெண்டி, பாகற்கொடி எல்லாவற்றையும் பிடுங்கினேன். மிளகாயில் இலைச் சுருட்டல், அதையும் விடவில்லை. மண்ணைக் கொட்டிக் கட்டி உடைத்து, வேர் பொறுக்கித் திரும்ப நிரப்பினேன். முப்பத்தொன்றும் வெறும் மண்ணோடு அவ்வளவு துப்புரவு. கணவரைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டேன். அவரும் எங்கள் பக்கத்து நல்லூர்க்காரர். “அதுதான் முறை” என்றார். இரண்டு மடையர் ஒரு கூரைக்குக் கீழே இருந்தால் வேறென்ன நடக்கும்?

பத்து நாளில் கொழும்பு வானம் பிளந்துகொண்டது. இங்கே வைகாசியில்தான் பெருமழை என்பது பத்து வருடமாகக் குடை பிடித்து நடந்த எனக்குத் தெரியாதா? தெரியும். குடைக்குத் தெரிந்தது சாடிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வெறும் சாடிகளில் தண்ணீர் கட்டி, மண் சேறாகி, நான் பிறகு அவசரத்தில் தூவின கீரை விதையெல்லாம் வழிந்து கழிவுநீர்க் கானுக்குள் போனது.

வத்தளையிலிருந்து போன் வந்தது. “மழை தொடங்கிட்டு தானே பிள்ள? கங்குங்குக்கு நல்லம். எப்படி நிக்குது?”

“நல்லா நிக்குது மிஸ்” என்றேன். நாக்கு அழுகாமல் இருந்ததே பெரிய காரியம்.

“சந்தோசம். தம்பி என்ட கண்ணப் பார்க்க லீவு போட்டுட்டு வாறான். நாளண்டைக்கு அவனும் நானும் வீட்டுக்கு வாறம்.”

போனை வைத்துவிட்டு முற்றத்தைப் பார்த்தேன். முப்பத்தொன்றும் வெறுமை. வாக்கு வாக்குத்தானே. ஆறு வருடம் அந்த மனுசி காத்ததை இரண்டு நாளில் நானே கிண்டிக் கொட்டிவிட்டேன். மிஸ்ஸையும் அனுப்பி, என் பிள்ளைகளையும் தெருவில் விடப்போகிறேன். சந்தைக்கு ஓடினேன். கங்குங் தண்டைக் குத்தி வைத்தால் வேர் விடும் அல்லவா? இருந்த கட்டு எல்லாவற்றையும் அள்ளி வந்து, கணவர் குடை பிடிக்க, மழையில் குந்தியிருந்து ஒவ்வொரு சாடியிலும் குத்தினேன்.

“இதென்ன கூத்து?” என்றார் அவர்.

“வாயை மூடிக்கொண்டு குடையைப் பிடியும்.”

வந்தார்கள். தம்பி என்றாலும் அறுபது வயது மதிக்கத்தக்க, நல்ல உயரமான மனிதர். மிஸ் கறுப்புக் கண்ணாடியோடு. நேரே முற்றத்துக்கு வந்து தாழ்வாரத்தில் நின்றார்கள். மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். புதிதாகத் தெளிந்த கண்ணால் அவர் என் திருவிளையாடலைச் சாடி சாடியாகப் பார்த்தபோது எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது. தம்பிதான் மழைத் தூறலில் இறங்கிப் போய், ஐந்தாம் சாடியில் ஒரு கொத்தை இரண்டு விரலால் தூக்கினார்.

“தங்கச்சி, இது என்ன இனம்? ரப்பர் பேண்டோட முளைக்குது?”

அவசரத்தில் அந்தக் கட்டை அவிழ்க்கவே மறந்துபோயிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. “அண்ணா, பிழை என்ர. மிஸ் எழுதித்தான் வச்சவ. நான்தான் ஊர் முறையெண்டு எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டன். அவ இருந்திருந்தா இதில ஒண்டும் வெறுமையாக் கிடந்திராது. இதைக் கணக்கில எடுக்காதேங்கோ. அங்க மதிலடியில ரம்பை நிக்குது, கறிவேப்பிலை நிக்குது...”

“அதுகள அக்காவே கணக்கில எடுக்கிறதில்ல” என்று சொல்லி, ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தார். “அக்கா, இப்ப ஒண்டும் இல்ல. வாறியா?”

நான் மிஸ்ஸின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“வந்தா நான் எங்க படுக்கிறது?” என்றார் மிஸ்.

“உனக்கு ரூம் இருக்குத் தானே. அம்மா செத்த வருசமே ஒதுக்கி வச்சது. கட்டில், மேசை, குருசு எல்லாம் வச்சுப் பூட்டியிருக்கு. மகள் கைக்குழந்தையோட வந்து நாலு மாசம், அவள் ஹோலிலதான் படுக்கிறாள். மாமிட ரூமெண்டு கேக்கிறாளுமில்ல.”

“ஆறு வருசமாவா?” மிஸ்ஸின் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். “ஒரு ரூமை ஆறு வருசமா சும்மா பூட்டி வச்சிருக்கிறியா? பச்சைக் குழந்தையை ஹோலில போட்டுட்டு?”

“நீ வாறனெண்டு சொன்னாய் தானே அக்கா.”

மிஸ் தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். “நான் வரல்ல தம்பி. எனக்கு விருப்பமில்ல. அண்டைக்கும் விருப்பமில்ல. நீ அழுதாயெண்டு ஓமெண்டுட்டன். இந்த மண்ணக் காட்டிக் காட்டி உன்னை ஏமாத்திட்டன். மகளை இண்டைக்கே அந்த ரூமில படுக்கச் சொல்லு.”

தம்பி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கோபமோ அழுகையோ என்று பயந்து பார்த்தால், மனுசன் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீரும் வருகிறது, சிரிப்பும் வருகிறது.

“ஐயோ அக்கா! ஒவ்வொரு ஞாயிறும் உனக்குக் கோல் எடுக்கக்குள்ள நீ ஓமெண்டிடுவாயோ எண்டு பயம். கூட்டிக்கொண்டு போய் அந்தக் குளிரில உன்னை எப்படி வச்சிருக்கிறது எண்டு. சாகக் கிடந்த அம்மாட்டப் போன்ல சொல்லிட்டன், உன்னைத் தனிய விடமாட்டனெண்டு. நீயா வேணாமெண்டாத் தானே நான் விட ஏலும்?”

“தனியவா?” மிஸ் என் பக்கம் கையைக் காட்டினார். “இந்த மடைச்சி இருக்கா தானே. முப்பத்தொண்டையும் கிண்டிக் கொட்டிட்டு, கங்குங் நல்லா நிக்குதெண்டு போன்ல சொல்ற மடைச்சி.”

என்னை ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகப் பேசியிருக்கிறார்கள். அதைப்போல இதமான ஏச்சை நான் கேட்டதில்லை.

அன்றைக்கே தம்பி நாடாக்காரனுக்குப் போன் எடுத்து இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மிஸ் அதற்குப் பிறகு எட்டு வருடம் அந்த வீட்டில் இருந்து, ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை. பிள்ளைகளும் வளர்ந்துவிட்டிருந்தார்கள். நாங்கள் வெள்ளவத்தைக்கு மாறி வந்தோம். அந்த எட்டு வருடத்தில் சில சாடிகள் சில மாதங்கள் வெறுமையாகவே கிடந்ததுண்டு. மிஸ் அவற்றைக் கடந்து போய்த் துணி காயப்போடுவார்.

அன்றைக்கு அக்காவும் தம்பியும் உள்ளே போனதும் நான் எங்கள் வாசல்படியில் இருந்து விக்கி விக்கி அழத் தொடங்கினேன். வேலை முடிந்து நனைந்துகொண்டு வந்த கணவர் படலையடியிலேயே திகைத்து நின்றுவிட்டார்.

“ஐயோ, ஆர் செத்தது?”

“ஒருத்தரும் சாகேல்ல. மிஸ் போகேல்ல. வீடு இருக்கு.”

“அப்ப என்னத்துக்கு அழுகிறீர்?”

“தெரியேல்ல” என்றேன். “கொஞ்ச நேரம் என்னை அழ விடும்.”